தெரிந்த ஊரைக் கலர் ஃபிலிமில் எடுப்பது

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். முன்பு பல வருடம் வாழ்ந்த நகரத்துக்குக் கொஞ்ச நாள் திரும்பிப் போகிறீர்கள். கையில் 35 மி.மீ. கேமரா, ஒரு பை நிறைய கலர் ஃபிலிம். தெருவில் படம் எடுக்க ஆசை. எந்த ஃபிலிம் நல்லது, எவ்வளவு எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழவிடும் வெளிச்சம்) கொடுப்பது, அங்கேயே டெவலப் செய்வதா, கொண்டுவந்து செய்வதா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: போன முறை எடுத்த படங்கள் எல்லாமே பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னால்தான் புரிகிற படங்களாக இருந்தன என்று. உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஃபிலிம், எக்ஸ்போஷர் பற்றியும் சொல்கிறேன். அது சுலபமான பகுதி.

என்னைப் பற்றி இரண்டு வரி. பல வருடங்களாகத் தெருவில் கலர் நெகட்டிவில் எடுத்துவருகிறேன். நடுவில் கொஞ்ச காலம் ஒரு லேபில் ஸ்கேன் செய்யும் வேலை பார்த்தேன். அதனால் எக்ஸ்போஷர், ஸ்கேன், நிறம் பற்றியெல்லாம் தைரியமாகப் பேச முடியும். வீட்டிலேயே டெவலப் செய்வதில் எனக்குப் பழக்கம் இல்லை; அதை யார் கேட்டாலும் செய்கிறவர்களிடம் அனுப்பிவிடுவேன். ஒரு ஊரை எப்படிப் பார்ப்பது என்று சொல்லப்போவது மட்டும் என் அபிப்பிராயம். அனுபவத்தில் வந்ததுதான், இருந்தாலும் அபிப்பிராயம்.

தெரிந்த ஊரில் படம் எடுக்கும்போது இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று எல்லோரும் சொல்வது: பழகிப்போனதால் கண் எதையும் கவனிக்காமல் தாண்டிப் போய்விடும். திரும்பிப் போகிறவருக்கு இது அவ்வளவாக இருக்காது. நடுவில் விட்ட இடைவெளியே பாதியைச் சரிசெய்துவிடும். இரண்டாவதுதான் உங்களைக் கெடுத்திருக்கிறது. படித்த பள்ளியின் வாசல், தினமும் பஸ் ஏறிய நிறுத்தம், நண்பன் வீட்டு மாடிப்படி. அங்கே போய் நின்றதும் மனசு நிறைகிறது. அந்த நிறைவு ஃப்ரேமுக்குள்ளும் இருக்கிறது என்று நம்பி ஷட்டரை அழுத்துகிறோம். அப்புறம் பார்க்கிறவருக்கு ஒரு வாசல், ஒரு நிறுத்தம், ஒரு படிக்கட்டு மட்டும் தெரிகிறது. மீதியை நாம் வாயால் சொல்லி நிரப்ப வேண்டியிருக்கிறது.

இதைத் தவிர்க்க, ஞாபக இடங்கள் பக்கமே போக மாட்டேன் என்று சபதம் எடுப்பவர்கள் உண்டு. அது நடக்கிற காரியம் இல்லை. கால் தானாக அங்கேதான் போகும். நான் சொல்வது வேறு: முதல் ரோலை முழுக்க அதற்கே கொடுத்துவிடுங்கள். 36 ஃப்ரேமும். வீட்டு ஆல்பத்துக்கு எடுக்கிற மாதிரி, ஆசை தீர, எதிரே நின்று நேராக எடுங்கள். பிற்காலத்தில் மற்ற எல்லா ரோலையும்விட அந்த ரோல் உங்களுக்குப் பிடித்துப்போனாலும் ஆச்சரியமில்லை. ஆனால் அது தனி ரோல், தனி வேலை. அதை முடித்துவிட்டால் அடுத்த நாள் அதே தெருவில் நடக்கும்போது எதையோ எடுக்காமல் விட்டுவிட்டோம் என்கிற அரிப்பு இருக்காது. பக்கத்துச் சுவரும் எதிர்ப்பக்க நிழலும் அப்போதுதான் கண்ணில் படும்.

இங்கேதான் கலர் உதவிக்கு வருகிறது. நமக்கு இடங்களின் வடிவம் நன்றாக நினைவிருக்கும்: எங்கே திரும்ப வேண்டும், எங்கே மேடு, எங்கே மரம். நிறம் அப்படி நிற்பதில்லை. பழகிய பொருட்களின் நிறத்தை நாம் உண்மையில் இருப்பதைவிட அழுத்தமாகத்தான் நினைவு வைத்திருக்கிறோம் என்று நிறம் பற்றிய ஆய்வுகள் வெகுகாலமாகச் சொல்லிவருகின்றன. நீங்களே சோதித்துப் பாருங்கள். உங்கள் பழைய தெருமுனையில் இருந்த கடையின் ஷட்டர் கதவு என்ன நிறம்? எதிர் வீட்டு மதில்? பச்சை மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் வரும். ஆகவே அந்த ஊரில் ஞாபகம் குறுக்கே வராமல் பார்க்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு என்றால் அது நிறம். கட்டடம் அப்படியே இருக்கும், சுண்ணாம்பு போய் பிளாஸ்டிக் பெயின்ட் வந்திருக்கும். கையால் எழுதிய பலகை போய் அச்சடித்த விளம்பரம் வந்திருக்கும். ஆட்கள் உடுத்தும் துணியின் நிறமே மாறியிருக்கும். இந்த இடம் எனக்கு என்ன என்று கேட்பதை விட்டு, இப்போது இங்கே என்ன நிறம் இருக்கிறது, அதன்மேல் என்ன வெளிச்சம் விழுகிறது என்று கேட்டுக்கொண்டு நடங்கள். ஏறக்குறைய வெளியாள் மாதிரிப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஹெலன் லெவிட். நியூயார்க்கின் தெருக்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பெயர் வாங்கியவர். 1959லும் 1960லும் கலரில் எடுப்பதற்காக அவருக்குக் கூகன்ஹைம் உதவித்தொகை கிடைத்தது. தான் ஏற்கெனவே அறிந்த அதே மாதிரித் தெருக்களுக்குக் கலர் ஸ்லைடோடு (திரையில் நேரே போட்டுப் பார்க்கக்கூடிய ஃபிலிம்) திரும்பிப் போனார். 1970ல் வீட்டில் திருட்டு நடந்து அந்த ஸ்லைடுகளில் பெரும்பாலானவை போய்விட்டன. மறுபடியும் தெருவுக்குப் போய் எடுத்தார். 1974ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் கலர் படங்களை ஸ்லைடாகத் திரையில் போட்டுக் காட்டினார்கள். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கை, கால், முகத்தின் அசைவுதான் எல்லாம். கலரில் அதே அசைவோடு ஒரு காரின் பச்சையோ சட்டையின் சிவப்போ சமமாக வந்து நிற்கும். ஊர் அதேதான், பார்க்கிற விஷயம் மாறிவிட்டது.

வான்கூவரில் ஃபிரெட் ஹெர்சாக், நியூயார்க்கில் சால் லைட்டர் என்று இன்னும் இருவரைச் சொல்லலாம். ஹெர்சாக் மருத்துவப் புகைப்படக்காரராக வேலை பார்த்துக்கொண்டே 1950களிலிருந்து ஒரே நகரத்தைக் கோடாக்ரோம் என்ற ஸ்லைடு ஃபிலிமில் எடுத்துக்கொண்டிருந்தார். உலகம் கவனிக்க 2007ல் நடந்த ஒரு கண்காட்சி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லைட்டர் தன் வீட்டைச் சுற்றியிருந்த தெருக்களிலேயே பல பத்தாண்டுகள் படம் எடுத்தார். அவர்கள் தொடங்கிய காலத்தில் கோடாக்ரோமின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறனின் எண், 10 என்கிற அளவில்தான் இருந்தது. நிழலில் எடுக்க லென்ஸை முழுக்கத் திறந்தாக வேண்டும், பின்னணி கலங்கிவிடும். லைட்டரின் படங்களில் ஆவி படிந்த கண்ணாடியும் தெளிவில்லாத நிறப் பரப்புகளும் இவ்வளவு வருவதற்கு அவர் ரசனைதான் முதல் காரணம். ஆனால் ஃபிலிமின் மந்தமும் கொஞ்சம் கை கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். இப்போது 400 வேக ஃபிலிம் கிடைக்கிறது. அந்தக் கட்டாயம் உங்களுக்கு இல்லை.

சரி, ஊர் தெரிந்திருப்பதால் ஆதாயமே இல்லையா? இருக்கிறது, பெரிய ஆதாயம், ஆனால் பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை. உங்களுக்கு அந்த ஊரின் வெயில் தெரியும். எந்தத் தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது, மாலையில் எங்கே வெயில் தெருவின் முழு நீளத்துக்கும் படுத்துக்கொண்டு வரும், எந்தச் சந்தில் மதியம் மட்டும் ஒரு கோடு வெளிச்சம் விழும், கூட்டம் எந்நேரம் எந்தப் பக்கமாக நடக்கும். புதிதாக வருகிறவருக்கு இதெல்லாம் பிடிபட வாரக்கணக்கில் ஆகும். இரண்டு திருத்தங்கள் மட்டும் தேவை. நீங்கள் போகும் பருவம் உங்கள் நினைவில் இருக்கும் பருவமாக இருக்க வேண்டியதில்லை; சூரியன் விழும் இடம் மாறும். அடுத்தது, நீங்கள் போன பிறகு எழும்பிய உயரக் கட்டடங்கள் பழைய வெயிலை மறைத்திருக்கலாம். கண்ணாடி முகப்புள்ள கட்டடம் என்றால் எதிர்ப்பக்கம் எப்போதும் நிழலாகவே இருந்த நடைபாதையில் இப்போது திட்டுத் திட்டாக வெளிச்சம் தெறிக்கும். அந்தத் தெறிப்பு சில நிமிடம்தான் நிற்கும். கிடைத்தால் விடாதீர்கள்.

இப்போது நிறம் ஃபிலிமில் எப்படி விழுகிறது என்பதற்கு வருகிறேன். சாதாரண கலர் ஃபிலிம் எல்லாம் சுமார் 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) பகல் வெளிச்சத்துக்குச் சரிசெய்யப்பட்டவை. அந்த அளவு மாறாது. வெயில் படாத, நீல வானம் மட்டும் வெளிச்சம் தருகிற நிழலில் எடுத்தால் படம் நீலம் தட்டும். சாயங்கால வெயிலில் ஆரஞ்சு ஏறும். பழைய குண்டு பல்பின் கீழே இன்னும் மஞ்சளாகும். டிஜிட்டல் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமன் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இந்த வித்தியாசத்தை அழித்துச் சமப்படுத்தப் பார்க்கும். ஃபிலிம் அழிக்காது. காலை, நண்பகல், அந்தி மூன்றும் ஒரே அளவுகோலில் விழுவதால் ஊரின் வெளிச்சம் ஒரு நாளில் எப்படி நகர்கிறது என்று ஒரு ரோலிலேயே தெரியும். நேர்மையாகச் சொன்னால் டிஜிட்டலிலும் வெள்ளைச் சமனைப் பகல் வெளிச்சத்தில் பூட்டிவைத்து இதைச் செய்யலாம். ஃபிலிமில் பூட்ட மறக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆனால் ஸ்கேன் செய்யும் இடத்தில் இந்த ஆதாயம் முழுவதும் பறிபோக வாய்ப்பு இருக்கிறது. இது நான் உள்ளே உட்கார்ந்து பார்த்த விஷயம், உறுதியாகச் சொல்கிறேன். கலர் நெகட்டிவ் என்பது முடிந்துபோன படம் கிடையாது. ஆரஞ்சு அடித்தளத்தைக் கழித்து, தலைகீழாக்கி, மூன்று நிறங்களையும் யாரோ ஒருவர் அல்லது ஒரு மென்பொருள் தீர்மானித்த பிறகுதான் அது படமாகிறது. லேப்களில் உள்ள நோரிட்சு, ஃப்ரன்டியர் போன்ற ஸ்கேனர்கள் ஒவ்வொரு ஃப்ரேமையும் பார்த்துத் தாமாகவே திருத்தும். நீலம் தட்டிய நிழலைச் சரிசெய்துவிடும், அந்தியின் ஆரஞ்சைக் குறைத்துவிடும். வேலைக்கு இருப்பவரும் தோல் நிறம் நன்றாக வந்தால் போதும் என்று பட்டனை அழுத்திக்கொண்டே போவார். ஒரே நெகட்டிவை இரண்டு லேபில் கொடுத்தால் இரண்டு ஊர் மாதிரி வருவது இதனால்தான். இந்த ஃபிலிமின் நிறமே தனி என்று இணையத்தில் காட்டப்படும் பல படங்களில் பாதி நிறம் ஸ்கேன் செய்தவருடையது.

ஆகவே லேபில் தெளிவாகச் சொல்லுங்கள்: தானியங்கித் திருத்தம் வேண்டாம், கான்ட்ராஸ்ட் ஏற்றாமல் தட்டையாக, முடிந்தால் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வேண்டும் என்று. முடியாது என்று சொன்னால் நல்ல பகல் வெயிலில் எடுத்த ஒரு ஃப்ரேமைக் காட்டி, அதற்கு வைக்கும் நிறத் திருத்தத்தையே ரோல் முழுவதற்கும் வைக்கச் சொல்லுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. இதற்காகவே ஒவ்வொரு ரோலிலும் முதல் ஃப்ரேமை நல்ல வெயிலில் ஒரு வெள்ளைச் சுவர் அல்லது சாம்பல் நிறத் தரைமேல் செலவழிக்கலாம். ஒரு ஃப்ரேம் வீண் என்று தோன்றும். பிற்பாடு வீட்டில் உட்கார்ந்து நிறத்தைச் சரிபார்க்கும்போது அதன் மதிப்பு தெரியும்.

இரவுத் தெருவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் நினைவில் வைத்திருக்கும் இரவு அநேகமாக அங்கே இருக்காது. உலகம் முழுக்க நகரங்கள் பழைய சோடியம் விளக்குகளைக் கழற்றி எல்இடி மாட்டிவருகின்றன. குறைந்த அழுத்த சோடியம் விளக்கின் வெளிச்சம் ஏறக்குறைய முழுவதும் 589 நானோமீட்டர் என்ற ஒரே இடத்தில் குவிந்திருக்கும். அதன் கீழே சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும் மஞ்சளின் வெவ்வேறு அழுத்தமாகத்தான் தெரியும், எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது. உயர் அழுத்த சோடியத்தில் கொஞ்சம் நிறம் பிழைக்கும். எல்இடியில் எல்லா நிறமும் ஓரளவு வந்துவிடும், ஆனால் குளிர்ந்த வெள்ளையாக. ஊர் மாறிவிட்டது என்று திரும்பி வருகிறவர்கள் சொல்வதில் ஒரு பங்கு இந்த விளக்கு மாற்றம்தான் என்று எனக்குப் படுகிறது. இன்னும் மாற்றப்படாத ஒரு தெரு இருந்தால் தேடிப் போங்கள். பழையதும் புதியதும் சந்திக்கிற முனையில் ஒரே ஃப்ரேமில் பாதி ஆரஞ்சும் பாதி வெள்ளையுமாக விழும். அதைப் பகல் வெளிச்ச ஃபிலிமிலேயே எடுங்கள், ஃபில்டர் வேண்டாம்.

எந்த ஃபிலிம் என்பதற்கு என் பதில் சுருக்கமானது: 400 வேக கலர் நெகட்டிவ் ஒன்றை எடுத்துக்கொண்டு பயணம் முழுக்க அதிலேயே நில்லுங்கள். போர்ட்ரா 400 என்றால் கான்ட்ராஸ்ட் மென்மை, அல்ட்ராமேக்ஸ் 400 என்றால் நிறம் கொஞ்சம் தூக்கல், விலையும் குறைவு. இரண்டும் நல்லவை. இரவுக்கென்று போர்ட்ரா 800 ஓரிரண்டு ரோல் போதும். எக்டார் 100 அழகான ஃபிலிம், ஆனால் தெருவின் நிழலுக்கு வேகம் போதாது, முகங்களில் சிவப்பும் ஏற்றிவிடும். சினிஸ்டில் 800டி வேண்டாம் என்பேன். அது சினிமாவுக்கான விஷன்3 500டி ஃபிலிமின் பின்புறக் கரிப்பூச்சை எடுத்துவிட்டுத் தருவது. அந்தப் பூச்சு இல்லாததால்தான் விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் வருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எந்த ஊரில் எடுத்தாலும் அதே ஊர் மாதிரி இருக்கும் என்பதுதான் சிக்கல். ஸ்லைடு ஃபிலிமுக்கு எக்ஸ்போஷரில் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது) தவறினாலே தெரிந்துவிடும். தெருவில் அவசரமாக எடுக்கும்போது அந்தக் கண்டிப்பு தேவையில்லை.

எக்ஸ்போஷரில் ஒரே விதி: குறையக் கூடாது. கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் கூடுதலைச் சலனமில்லாமல் தாங்கும், பல ஃபிலிம்கள் மூன்றும் தாங்கும். கூடுதலாக விழும்போது சாயப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து துகள் குறைவாகத் தெரியும். ஒரு ஸ்டாப் குறைந்தால் நிழல் சேறாகும், இரண்டு குறைந்தால் அந்தச் சேற்றில் பச்சையோ ஊதாவோ கலந்துவிடும். ஆகவே 400 ஃபிலிமைப் போட்டு, வெளிச்சம் அளக்கும் மீட்டரில் ஃபிலிம் வேகத்தை 200 என்று வையுங்கள். மீட்டரைப் பார்க்க நேரமில்லாவிட்டால் சுள்ளென்ற வெயிலில் ஷட்டர் 1/500 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 11. நிழலுக்குள் நுழைந்ததும் 1/250, எஃப் 5.6. சந்தேகம் வந்தால் நிழலுக்கான அளவையே வைத்துக்கொள்ளுங்கள், வெயில் பகுதி தாங்கிக்கொள்ளும். ஃபிலிமைப் புஷ் செய்யச் சொல்லி (கூடுதல் நேரம் டெவலப் செய்வது) லேபில் கேட்காதீர்கள்; அதனால் இல்லாத நிழல் வந்துவிடாது, கான்ட்ராஸ்ட்தான் ஏறும்.

ஃபோகஸுக்கு 35 மி.மீ. லென்ஸில் தூரத்தை 3 மீட்டரில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். எஃப் 11ல் சுமார் 1.7 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். எஃப் 5.6 என்றால் 2 மீட்டரிலிருந்து 5 வரை. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

நிறத்தைத் தேடி நடப்பதில் ஒரு பள்ளம் உண்டு. சிவப்புக் குடை, மஞ்சள் சுவர், அதன் முன்னே நடக்கும் ஒருவர். பார்த்ததும் கை ஓடும். இப்படி எடுத்த படங்கள் உலகத்தில் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன, அவற்றில் ஊர் எதுவும் இல்லை. ஒரு நிறம் மட்டும் கத்துகிற ஃப்ரேமைவிட இரண்டு மூன்று மங்கிய நிறங்கள் ஒன்றையொன்று ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிற ஃப்ரேம் அதிக நேரம் பார்க்க வைக்கும். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் ஜோயல் மேயரோவிட்ஸ் 1960களில் கறுப்பு வெள்ளைக்கு ஒன்று, கலருக்கு ஒன்று என்று இரண்டு கேமராக்களை மாட்டிக்கொண்டு போய் ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். நீங்கள் இரண்டு கேமரா தூக்க வேண்டியதில்லை. வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது இந்தப் படம் நிறம் இல்லாமலும் இதே அளவு நன்றாக இருக்குமா என்று கேட்டுக்கொண்டால் போதும். இருக்கும் என்றால் நல்ல படமாக இருக்கலாம், ஆனால் நீங்கள் தேடிப் போனது அது இல்லை.

மனிதர்கள் விஷயத்தில் உங்கள் நிலை இரண்டுங்கெட்டான். மொழி தெரியும், எங்கே சிரித்துப் பேசலாம், எங்கே பேசாமல் நகர வேண்டும் என்று தெரியும். அதே சமயம் கேமராவோடு நிற்பதால் வெளியாளாகத்தான் பார்ப்பார்கள். என் வழக்கம், எடுத்ததை மறைப்பதில்லை. கண் சந்தித்தால் தலையசைப்பேன், கேட்டால் என்ன எடுத்தேன் என்று சொல்வேன். அழிக்கச் சொன்னால்தான் சங்கடம், ஃபிலிமில் அழிக்க முடியாது. அப்போது பயன்படுத்த மாட்டேன் என்று சொல்லி, அதைக் காப்பாற்றவும் வேண்டும். இன்னொன்று, பழைய ஊரில் தெரிந்தவர்கள் திடீரென்று ஃப்ரேமுக்குள் வருவார்கள். அவர்களைத் தெருவில் போகிற யாரோ போல எடுக்காதீர்கள். அவர்களுக்கு முதல் ரோலில் இடம் இருக்கிறது. பொது இடத்தில் எடுப்பது, வெளியிடுவது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எடுக்க அனுமதித்துவிட்டு வெளியிடக் கட்டுப்பாடு வைக்கிற நாடுகளும் உண்டு. நான் வக்கீல் இல்லை. போகிற ஊரின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் விஷயத்தில் இரண்டு மடங்கு கவனமாக.

ஃபிலிம் நம்மை நிதானமாக்கி நல்ல படம் எடுக்க வைக்கும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதில் சந்தேகம். சிலரை நிதானமாக்கும், சிலரைக் கஞ்சனாக்கும். ஃப்ரேமுக்கு இவ்வளவு செலவு என்று கணக்குப் போட ஆரம்பித்தால் தெருவில் கை ஓடாது. நல்ல படத்துக்கு ஒரு நொடி முன்னால் எடுத்துவிட்டு இரண்டாவதை எடுக்காமல் நகர்ந்துவிடுவோம். ஆகவே கொண்டுபோகும் ரோல்களை நாட்களால் வகுத்து, அன்றைக்கு உரியதை அன்றே தீர்த்துவிடுங்கள். காலாவதியான ஃபிலிம் பற்றி, பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டு என்பது ஒரு வாய்க்கணக்கு. அது எங்கே, எந்தச் சூட்டில் கிடந்தது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். திரும்ப எளிதில் போக முடியாத ஊருக்கு அதை எடுத்துப்போகாதீர்கள்.

ஃபிலிமில் எனக்கு உறுதியாகப் பிடித்தது தாமதம்தான். எடுத்த கணத்தில் பார்க்க முடியாது. அன்றிரவு அறையில் உட்கார்ந்து இன்று என்ன கிடைத்தது என்று பார்த்தால் ஞாபகம் மறுபடியும் வந்து, நமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடும். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட், எடுத்த கணத்தின் உணர்ச்சி ஆறட்டும் என்று வேண்டுமென்றே ஃபிலிமை வெகுகாலம் டெவலப் செய்யாமல் வைத்திருப்பார். 1984ல் அவர் இறந்தபோது சுமார் 2,500 ரோல்கள் அப்படியே கிடந்தன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கலர் ஃபிலிமை எடுத்தபின் வைத்திருந்தால் அடுக்குகள் சமமில்லாமல் மங்கி நிறம் சாயும். சீக்கிரம் டெவலப் செய்யுங்கள், நிதானமாகப் பாருங்கள். ஒரு மாதம் ஸ்கேன்களைத் திறக்காமல் இருக்க முடிந்தால் நல்லது. அதன்பின் அந்த ஊருக்குப் போயே இராத ஒருவரிடம், எந்த விளக்கமும் சொல்லாமல், சின்ன பிரிண்ட்களாகக் கொடுங்கள். அவர் கை எதில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். நடுவில் நீங்கள் வாயைத் திறக்க வேண்டியிருந்தால் அந்தப் படத்தை முதல் ரோலோடு சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, அங்கேயே டெவலப் செய்வதா என்று கேட்டீர்களே. கலர் நெகட்டிவை டெவலப் செய்யும் சி-41 எல்லா இடத்திலும் ஒரே முறைதான், 37.8 டிகிரி செல்சியஸ், டெவலப்பரில் 3 நிமிடம் 15 நொடி. ரசாயனத்தைப் பராமரிக்கிற, தினமும் ஃபிலிம் ஓடுகிற லேப் ஒன்று அங்கே இருந்தால் கிளம்புவதற்கு முன் அங்கேயே கொடுத்துவிடுங்கள். விமான நிலையங்களில் இப்போது கைப்பைக்கும் வந்துவிட்ட சிடி ஸ்கேனர்கள் டெவலப் செய்யாத ஃபிலிமைக் கெடுக்கும். கோடாக் நிறுவனமே இதை எச்சரித்திருக்கிறது. செக்-இன் பெட்டியில் போடுவது இன்னும் மோசம். போகும்போது ரோல்களை டப்பாவிலிருந்து எடுத்து ஒளி ஊடுருவும் பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், சில இடங்களில் மாட்டார்கள். திரும்பும்போது டெவலப் செய்த நெகட்டிவாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை, எந்த ஸ்கேனரும் அதை ஒன்றும் செய்யாது. ரோல் கொடுக்கும்போதே நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப்போடுகிற லேப்களும் இருக்கின்றன.